சுற்றுக்கு ஒருமுறை சிக்கும் எக்ஸ் வகுப்பு என்ஜின்

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜினின் சிறு மாதிரி ஓடும்போது சிக்கினால், உடனே மோட்டாரை மாற்ற வேண்டாம். சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தண்டுகளை மாட்டிய பிறகுதான் சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் சிக்குகிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஓர் அச்சில் இடது, வலது சக்கரங்களில் தண்டு மாட்டும் முளைகளுக்கு இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் பிசகியிருக்கிறது. அது 90 பாகையிலிருந்து இம்மியளவு விலகினாலும் பாதகமில்லை. நான்கு அச்சுகளிலும் ஒரே கோணம் இருப்பதுதான் முக்கியம்.

மோட்டாரின் பல்சக்கரத்தை விலக்கிவிட்டு, இரண்டு அச்சுகளை மட்டும் இணைத்துக் கண்ணாடிமேல் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சிக்காமல் உருண்டோடினால் மூன்றாவதைச் சேருங்கள், பிறகு நான்காவதை. எதைச் சேர்த்ததும் சிக்குகிறதோ, அதன் ஒரு சக்கரத்தை மயிரிழை திருப்பினால் போதும்.

தண்டின் துளையை அரத்தால் அகலப்படுத்திவிடாதீர்கள். கோளாறு மறையும், ஓட்டம் தள்ளாடும்.

இன்னொன்று: மேல் சிலிண்டர்கள், தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்பட்டையைப் பற்றி ஏறும் பற்சக்கரத்தை இயக்குபவை, அவற்றின் தண்டை தண்டவாளத்தில் உருளும் ஓடுசக்கரத்தில் மாட்டக்கூடாது. மேட்டுப்பாளையத்தில் அசல் என்ஜினைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சட்டென்று விளங்கும்.