மூக்கில் குடியிருக்கும் கிருமி நோயாவது எப்போது?

கேள்வி: என் இரண்டு வயது மகனின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருப்பதாக வந்திருக்கிறது. பையன் நன்றாக விளையாடுகிறான். ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். இந்த வயதுக் குழந்தைகள் பலருக்கு மூக்கின் பின்பகுதியில் நிமோகாக்கஸ் இருக்கும். சில வாரங்களோ மாதங்களோ தங்கிவிட்டுப் போகும், அப்புறம் அதிலேயே வேறு வகை வந்து உட்காரும். மொத்தம் 100 வகைக்கு மேல் உண்டு. கிருமி குடியேறுவது வேறு, நோய் வருவது வேறு. நன்றாக இருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்தால் மற்ற பாக்டீரியாக்கள் செத்து, மருந்துக்கு அடங்காதவைக்குத்தான் இடம் கிடைக்கும். காய்ச்சல், வேகமாக மூச்சு வாங்குவது, சரியாகச் சாப்பிடாமல் துவள்வது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சளியும் இருமலும் தொடர்ந்து வெளியே தள்ளும்போது பாக்டீரியா எப்படி உள்ளே தங்குகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சிலியா எனும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, மேலே படிந்த சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். தங்க நினைக்கும் பாக்டீரியா இந்தச் சளியைத் தாண்டிச் செல்லின்மேல் ஒட்ட வேண்டும். அதற்கென்றே அதன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்கள் உண்டு. சளியில் காவலிருக்கும் ஐஜிஏ ஆன்டிபாடியை, அதாவது கிருமியைப் பிடிக்கும் நம் எதிர்ப்புப் புரதத்தை, வெட்டிப்போடும் நொதி நிமோகாக்கஸிடமும் ஹீமோஃபிலஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவிடமும் இருக்கிறது. நிமோகாக்கஸின் சர்க்கரை உறை இன்னும் வியப்பானது. உறை மெலிந்திருந்தால் செல்லில் ஒட்டுவது எளிது, தடித்திருந்தால் ரத்தத்தில் வெள்ளணுக்களிடமிருந்து தப்புவது எளிது. இடத்துக்குத் தக்க வடிவமே பெருகி நிற்கும்.

கேள்வி: அம்மாவுக்கு ஃப்ளூ குறைந்து, நான்கு நாள் கழித்து மறுபடி காய்ச்சல் வந்து நிமோனியாவில் முடிந்தது. ஏன் இப்படி?

பதில்: வைரஸ் வழியைத் திறந்துவிடுகிறது. சிலியா உள்ள செல்கள் உதிர்வதால் சளி நகராமல் தேங்கும். வைரஸின் நியூராமினிடேஸ் நொதி செல்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை வெட்டிவிடுவதால், பாக்டீரியா ஒட்டும் இடங்கள் வெளிப்படும். தூக்கத்தில் தொண்டைநீர் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் ஃப்ளூவால் சிலியா உதிர்ந்த நேரத்தில் அதை வெளியேற்ற ஆளில்லை. 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி வந்த பாக்டீரியா நிமோனியாதான் உயிரைப் பறித்தது. குறைந்த காய்ச்சல் திரும்பினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: சளி பச்சையாக இருந்தால் பாக்டீரியாதானே?

பதில்: இல்லை. அந்தப் பச்சை நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.

கேள்வி: கக்குவான் இருமலுக்கு மருந்தை முழுதாக முடித்தும் மகள் இருமிக்கொண்டே இருக்கிறாள். மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: செய்திருக்கும். கக்குவான் கிருமியான போர்டெடெல்லா நேராகச் சிலியாவிலேயே ஒட்டி, நஞ்சால் அந்தச் செல்களைக் கொன்றுவிடுகிறது. மருந்து கிருமியை அழிக்கும், அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும், ஆனால் உதிர்ந்த செல்களைத் திருப்பித் தராது. புதிதாக முளைக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இருமல்தான் சளியை வெளியேற்றும் வழி. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் உடனே மருத்துவ ஆலோசனை கேளுங்கள், இந்த நோயில் உயிராபத்து அதிகம் அவர்களுக்குத்தான்.

கேள்வி: பேரனுக்குப் போட்ட நிமோகாக்கஸ் தடுப்பூசி தாத்தாவான என்னையும் காக்குமாமே?

பதில்: ஆமாம், ஓரளவுக்கு. குழந்தைகளுக்குப் போடும் இணைப்புத் தடுப்பூசி (கிருமியின் உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது) போட்ட குழந்தையின் மூக்கில், ஊசியில் உள்ள வகைகள் குடியேறுவதே குறைகிறது, அதனால் உங்களுக்கு வந்துசேர்வதும் குறைகிறது. ஆனால் தடுப்பூசியில் இல்லாத வகைகளும் இருக்கின்றன, கிருமி வேறு ஆட்களிடமிருந்தும் வரும். உங்கள் வயதுக்கான ஊசியை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.