பெங்களூரா, ஆவாரம்பாளையமா?

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் செய்து விற்க ஆசை. பெங்களூர் போனால்தான் ஆகும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அந்த ஊருக்கு மட்டும் அப்படி என்ன ராசி ஐயா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: ராசியெல்லாம் இல்லை அம்மா. பெங்களூருக்கு 1909-லேயே டாடா இன்ஸ்டிட்யூட் (இன்றைய இந்திய அறிவியல் கழகம்) வந்தது. 1940-ல் விமானத் தொழிற்சாலை. படித்த ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க சிப் கம்பெனியும் வந்தது. உங்கள் மகன் வெறும் ஆப் செய்வதாக இருந்தால் நானே பஸ் ஏற்றி விடுவேன்.

ஆனால் இது மோட்டார் சமாச்சாரம். அதற்கு எங்கள் கோயம்புத்தூர் இருக்கிறது. கரிசல் மண், பருத்தி. 1888-ல் ஸ்டேன்ஸ் மில். மில் என்றால் பல்சக்கரம் உடையும், ஷாஃப்ட் தேயும். அதைச் சரிபார்க்கப் பட்டறைகள் முளைத்தன. 1930-களில் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்தது. ஆழக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக் களைத்த விவசாயி மோட்டார் கேட்டார். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இங்கேதான் செய்தார்கள்.

சரி, இது எல்லோரும் சொல்வது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1979-ல் ஒரு மோட்டார் கம்பெனியில் கடைசல் பிடிக்கும் டர்னராகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் கழித்து, தனியாகப் பட்டறை போடுவதாக முதலாளியிடம் பயந்து பயந்து சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், ஓரமாகக் கிடந்த பழைய லேத்தைக் காட்டி, "எடுத்துட்டுப் போ, காசை வேலையில கழிச்சுக்கலாம்" என்றார். முதல் ஆர்டரும் அவருடையதே: ஷாஃப்ட் கடைசல், நூறு பீஸ். நல்ல மனசு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம், போனஸ் இல்லாமல் அவருக்கு வேலை முடிந்தது. என் பட்டறையிலிருந்தும் நாலு பேர் பிரிந்து போய்த் தொழில் செய்கிறார்கள். ஒருவர் எனக்கே போட்டி. வயிறு எரியத்தான் செய்கிறது.

அப்புறம் தூரம். வார்ப்புக்கு மாதிரி அச்சு (பேட்டர்ன்) செய்பவர் ஒரு சந்தில், இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி கொஞ்சம் தள்ளி, மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் டீக்கடைக்கு மேல் மாடியில். எல்லாம் டிவிஎஸ் 50-ல் போய்வரும் தூரம். காஸ்டிங்கில் ஓட்டை விழுந்தால் சாக்கில் சுற்றிக்கொண்டு போய், வார்த்தவர் முகத்துக்கு நேராக நீட்டலாம். போட்டோ அனுப்பினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்.

சர்க்யூட்டுக்கும் ஆப்புக்கும் பெங்களூரில் ஆள் பிடிக்கட்டும், தப்பில்லை. அதற்கு முன் ஒரு வேலை நாளில், கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறைகள் நிறைந்த ஆவாரம்பாளையத்துக்கு அனுப்புங்கள். ஞாயிறு வேண்டாம், ஷட்டர் போட்டிருக்கும். எரிந்துபோன ஸ்டார்ட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடக்கட்டும். நாலாவது பட்டறை தாண்டுவதற்குள் யாராவது கேட்பார்கள்: "என்ன தம்பி, பாயிண்ட் போயிருச்சா?"