எங்கள் பைன் காடு நட்டதா, தானாய் முளைத்ததா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியில் சிறிய பைன் காடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். முழுக்க ஸ்காட்ஸ் பைன். ஒரு பக்கம் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, மறுபக்கம் தாறுமாறாக. ஆலோசகர் ஒருவர் ஒரே மதியத்தில் சுற்றிப் பார்த்து, கணினியில் போட்டு, 'டபிள்யூ18, எனவே பூர்வீகப் பைன் காடு' என்று அறிக்கை தந்தார். பக்கத்து நிலத்துக்காரரோ, தாத்தா காலத்தில் நட்டது என்கிறார். மானியம் கேட்கப் போகிறோம். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். டபிள்யூ18 என்ற காட்டு வகை எண் சரியாக இருக்கக்கூடும். அதிலிருந்து 'பூர்வீகம்' என்று தாவியதுதான் தப்பு.

பிரிட்டனின் தேசியத் தாவர வகைப்பாடு எந்தச் செடி எந்தச் செடியோடு சேர்ந்து வளர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. பைன் நிழலில் ஹெதர் என்ற குறும்புதர், பிளேபெர்ரி, கௌபெர்ரி என்ற பழச்செடிகள், அவற்றின் கீழே சிவந்த தண்டுப் பாசிகள் மெத்தையாக இருந்தால் டபிள்யூ18 என்று எழுதலாம். மரத்தை மனிதன் நட்டானா, காற்று விதைத்ததா என்று அந்த எண் கேட்பதே இல்லை. தோட்டம், அதாவது மனிதன் நட்டு வளர்த்த காடு, வயதானால் அதன் அடியிலும் இதே கூட்டம் வந்து சேரும். ஆக உங்களிடம் இருப்பது இரண்டு கேள்விகள்: என்ன வகைக் காடு, நட்டதா தானாய் வந்ததா. ஒன்றின் விடையை இன்னொன்றுக்கு எழுதிக் காசு வாங்குகிறார்கள்.

அந்தக் கணினி மென்பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எதைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு எண்ணைத் துப்பும். இருபது முப்பது வயதுத் தோட்டத்தில் வெளிச்சம் கீழே இறங்காது, ஊசியிலைச் சருகைத் தவிர ஒன்றும் இருக்காது. அங்கேயும் 'மிக நெருங்கிய வகை' என்று ஒன்றைக் காட்டும். அந்த வகையோடு உங்கள் காடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற பொருத்த மதிப்பெண் அறிக்கையில் இருக்கிறதா, களப்பதிவுத் தாள்கள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மரங்களுக்கு 50 மீட்டருக்கு 50 மீட்டர், தரைச்செடிகளுக்குப் பெரும்பாலும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்று சதுரம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் செடி அடிக்கடி வருகிறது என்று சொல்ல ஒரு சதுரம் போதாது, ஐந்தாவது வேண்டும். வரிசைப் பகுதியையும் தாறுமாறான பகுதியையும் ஒரே சதுரத்துக்குள் போட்டிருந்தால், உலகத்தில் இல்லாத ஒரு காட்டை உங்களுக்கு விற்றிருக்கிறார். உங்கள் காட்டை இரண்டாகப் பிரித்துத்தான் பதிய வேண்டும். தாள்களைத் தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி, நட்டதா என்பது. வரிசை தெரிந்தால் நட்டதுதான், உழுத வரப்பும் வடிகாலும் காலில் தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் வரிசை இல்லை, எல்லா மரமும் ஒரே வயது என்பதற்காக நட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஹெதர் எரிந்த பிறகோ, மான்கள் குறைந்த சில ஆண்டுகளிலோ பைன் ஒரே மூச்சில் முளைத்து நிற்பதுண்டு. அடுத்து பழைய வரைபடங்கள். 1747 முதல் 1755 வரை நடந்த, வில்லியம் ராய் பெயரில் அறியப்படும் ராணுவ அளவீட்டின் வரைபடத்தையும், பிரிட்டனின் அரசு வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டு நடுவில் வெளியிட்ட முதல் பதிப்பையும் இணையத்தில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் தொல்காடு என்பதற்கு 1750தான் எல்லை, அன்றிலிருந்தாவது அங்கே காடு நின்றிருக்க வேண்டும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவப்போவது அதுதான். பிரிட்டனில் பழைய 'முதல் கட்ட' வாழிட அளவீட்டின் விதிப்படி, நட்ட மரங்கள் மேல்விதானத்தில், அதாவது மரங்கள் மேலே விரிக்கும் இலைக்கூரையில், 30 சதவீதத்தைத் தாண்டினால் அது தோட்டம். ஆனால் மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர்ந்தால் நட்ட காட்டையும் அரை இயற்கைக் காடாக, இயற்கைக் காட்டுக்கு நெருக்கமானதாகக் கொள்ளலாம். மரம் அந்த மண்ணுக்குரிய இனமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 120 வயதைக் கடந்திருக்க வேண்டும். அடியில் இயற்கையான செடிகொடிகள் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் போதும் என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், போதாது. வயதைப் பருமனை வைத்துச் சொல்லாதீர்கள். ஏழை மண்ணில் ஒல்லியான மரம் உங்கள் கொள்ளுத்தாத்தாவைவிட மூத்ததாக இருக்கும். துளைக்கருவியால் மரத்தில் சிறு குச்சி எடுத்து வளையங்களை எண்ணச் சொல்லுங்கள். இனம் சரி என்பதும் இடத்தைப் பொறுத்தது. இதே ஸ்காட்ஸ் பைன் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 150 வயதாக நின்றாலும் இந்தச் சலுகை கிடையாது. அபூர்வச் செடி இருக்கிறதே என்பதும் சான்றாகாது. 1920களிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே மணல்மேட்டில் நட்டு எழுப்பிய கல்பின் காட்டில்கூட, பைன் காட்டுக்கே உரிய குட்டி ஆர்க்கிட் பூக்கிறது.

அரசாங்கத்துக்கு வருவோம். ஒரே காட்டுக்கு ஆளுக்கொரு ஜாதகம் எழுதுகிறார்கள். தாவர வகைப்பாடு ஒன்று சொல்லும். வாழிட அளவீடு 30 சதவீதம் என்கிறது. ஸ்காட்லாந்தின் பூர்வீகக் காட்டுக் கணக்கெடுப்பு, மேல்விதானத்தில் பாதி மண்ணின் மரமா என்று பார்க்கும், நட்டதையும் சேர்த்துக்கொள்ளும். தொல்காட்டுப் பட்டியலில் 'நீண்டகாலமாக நிலைத்த, நட்டு உருவான காடு' என்று தனி வகையே உண்டு. கலிடோனியப் பைன் காடுகள் எனப்படும் ஸ்காட்லாந்தின் பூர்வீகப் பைன் காடுகளின் பட்டியலோ 84 இடங்களோடு நிற்கிறது. இவற்றை ஒரே படிவத்தில் சேர்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இந்தக் குழப்பத்தில்தான் ஆலோசகர்கள் பிழைக்கிறார்கள்.

எனவே விண்ணப்பிக்கும் முன் மானிய அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்த வகைப்பாட்டின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் இடம் அந்த 84இல் ஒன்றுக்குள் வருகிறதா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு வரிசைப் பகுதியைத் தோட்டம் என்றே ஒப்புக்கொண்டு, தாறுமாறான பகுதிக்கு மட்டும் வளைய எண்ணிக்கையும் வரைபட நகலும் சேர்த்து விண்ணப்பியுங்கள். மொத்தத்தையும் பூர்வீகம் என்று எழுதி, கள ஆய்வுக்கு வருபவர் உழவு வரப்பில் கால் இடறினால், நல்ல பாதியையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். புதிதாக நட உத்தேசமிருந்தால், 'கலிடோனியன்' என்று பெயர் ஒட்டிய கன்றுகளை விதை எடுத்த மண்டலச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.