கேள்வி–பதில்: டெம்ப்ளேட்டுக்குள் எழுதிய பிஎச்பி

கேள்வி: ஆரணிப் பட்டு விற்கும் ஒரு கடையின் இணையதளத்தைப் பராமரிக்கிறேன். விலைப்பட்டியல் ஸ்மார்ட்டி (பிஎச்பி நிரல்மொழித் தளங்களில் பக்க வடிவமைப்பைத் தனியே எழுத உதவும் கருவி) டெம்ப்ளேட்டில், அதாவது பக்க வடிவக் கோப்பில், உள்ளது. தள்ளுபடியை அதற்குள்ளேயே பிஎச்பி டேக் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்மார்ட்டி 2-இலிருந்து 3.1-க்கு மாறினேன். பழைய டேகுகளை ஏற்கும் ‘ஸ்மார்ட்டி பிசி’ கிளாஸைப் பயன்படுத்தியும், ‘திஸ்’ (நடப்பு ஆப்ஜெக்டைக் குறிக்கும் பிஎச்பி சொல்) வரும் வரியில் பிழை காட்டிப் பக்கம் நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகர், காட்பாடி

பதில்: ஸ்மார்ட்டி டெம்ப்ளேட்டை அப்படியே ஓட்டுவதில்லை, அதைப் பிஎச்பி கோப்பாக மாற்றித் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பையே ஓட்டுகிறது. 2-ஆம் பதிப்பில் அக்கோப்பு ஸ்மார்ட்டி ஆப்ஜெக்டின் மெத்தட் ஒன்றுக்குள் சேர்க்கப்பட்டதால், ‘திஸ்’ என்பது ஸ்மார்ட்டியையே குறித்தது. 3.1-இல் அது தனி ஃபங்ஷனாகிவிட்டது. அங்கே ‘திஸ்’ என்று ஒன்று இல்லை. மாற்றப்பட்ட கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்: 3.1-இன் பிந்தைய வெளியீடுகளில், டெம்ப்ளேட் ஆப்ஜெக்ட் ‘ஸ்மார்ட்டி டிபிஎல்’ என்ற பெயரில், முன்னால் ஓர் அடிக்கோட்டுடன், அந்த ஃபங்ஷனுக்குள் வருவது தெரியும். ‘திஸ்’ இருந்த இடத்தில் அதை எழுதி, டெம்ப்ளேட் வேரியபிளின் மதிப்பைத் தரும் ‘கெட் டெம்ப்ளேட் வார்ஸ்’ மெத்தடை அழைத்தால் விலை கையில் வரும்.

இதைச் சரிசெய்தவர்களும் அடுத்த அடியில் தடுக்கி விழுவதுண்டு. 12,000 ரூபாய்ப் புடவைக்குப் பத்து விழுக்காடு கழித்து 10,800 என்று ஒரு பிஎச்பி வேரியபிளில் வைத்தால், கணக்கு சரியாக இருந்தும் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஏனெனில் பிஎச்பி வேரியபிள் வேறு, டெம்ப்ளேட் வேரியபிள் வேறு. அதே டெம்ப்ளேட் ஆப்ஜெக்டின் ‘அசைன்’ மெத்தட் மூலம் ஒப்படைத்தால்தான் டெம்ப்ளேட் அதை அறியும். அதுவும் இன்க்லூட் செய்யப்பட்ட துணை டெம்ப்ளேட்டுக்குள் ஒப்படைத்தால், ஸ்கோப்பை (வேரியபிள் எதுவரை எட்டும் என்ற எல்லையை) குறிப்பிடாதவரை தாய் டெம்ப்ளேட்டுக்கு எட்டாது.

என்னைக் கேட்டால், இந்தத் திருத்தத்தைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளுங்கள். பிஎச்பி டேகை 3-ஆம் பதிப்பிலேயே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். பின்னர் அறவே நீக்கியும் விட்டார்கள். தள்ளுபடிக் கணக்கை ஒரு ஃபங்ஷனாக எழுதி, ஸ்மார்ட்டியின் ‘ரெஜிஸ்டர் பிளகின்’ மெத்தட் மூலம் பதிவுசெய்யுங்கள். அந்த ஃபங்ஷனை டெம்ப்ளேட்டில் அழைக்கும் டேகில் தரும் மதிப்புகள் அதன் முதல் பாராமீட்டராகவும், டெம்ப்ளேட் ஆப்ஜெக்ட் இரண்டாவதாகவும் தாமாகவே வந்துசேரும் என்பதால், அந்த அடிக்கோட்டுப் பெயரைத் தேடும் வேலையே இராது.