நகையை அடகு வைத்து நர்சிங் படிக்கலாமா?

கேள்வி: ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 6 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கைக்கு வருவது 19,000 ரூபாய். கணவர் ராணிப்பேட்டையில் 22,000 ரூபாய் வேலையில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகும். இருக்கிற 12 பவுனை அடகு வைக்கட்டுமா, எஜுகேஷன் லோன் வாங்கட்டுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம் அம்மா. உங்கள் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. 2 வருடம் சம்பளம் வராதே, அது 4,56,000 ரூபாய். ஆக, இந்தப் படிப்பின் உண்மையான விலை ஏழரை லட்சம். முடித்துவிட்டு அதே வார்டுக்கே திரும்பி மாதம் 5,000 கூடுதலாக வாங்கினால், போட்டதை எடுக்கவே 12 வருடத்துக்கு மேல் ஆகும். நீங்கள் வேலை பார்க்கும் வேலூர், சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர். இங்கே நர்ஸுக்குப் பஞ்சமில்லை. வெறும் டிகிரிக்காக யாரும் சம்பளத்தை அள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

எம்.எஸ்சி. வரை போய் கல்லூரியில் பாடம் எடுக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். எய்ம்ஸ் வேலைதான் குறி என்றால், 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருட அனுபவம் உள்ள ஜி.என்.எம். நர்ஸும் அதற்கான தேர்வை எழுதலாம். வேலையில் இருந்தபடியே ஒருமுறை எழுதிப் பாருங்களேன்.

படிப்பது என்று முடிவானால், நகை பீரோவிலேயே இருக்கட்டும். சம்பளம் இல்லாத வீட்டில் வருடா வருடம் வட்டி கட்டி அடகைத் திருப்பி வைப்பது பெரும்பாடு. எஜுகேஷன் லோனே வாங்குங்கள். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்பதில்லை, கணவர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்குப் பின் 1 வருடமும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடும்! 11 சதவீதம், வருடத்துக்கு ஒன்றரை லட்சமாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 3 வருட வட்டி 82,500. அதைச் சேரவிட்டால் 5 வருடத் தவணை மாதம் சுமார் 8,320. அவ்வப்போது கட்டி வந்தால் 6,520. முதல் வருட வட்டி மாதம் 1,375தான், கணவர் சம்பளத்தில் சமாளிக்கலாம். பெண்களுக்கு அரை சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு, கேளுங்கள். லோன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

ஒரிஜினல் சான்றிதழ்கள் மருத்துவமனை அலமாரியில் இருந்தால், ராஜினாமா கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு நர்ஸுக்கு சீட் கிடைத்தும், சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அட்மிஷன் முடிந்துபோனது.