ரமணாஸ்ரமத்தில் தங்கப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

திருவண்ணாமலையில் பகவான் ரமண மகரிஷி வாழ்ந்த ரமணாஸ்ரமத்துக்கு வருஷக்கணக்காகப் போய்வருகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கீழே உள்ள நேரங்கள் சில சமயம் மாறும், போனதும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, நேராகப் போய் ரூம் கேட்டால் தருவார்களா? வாடகை எவ்வளவு? (சேலம் வாசகி)

நேராகப் போகாதீங்க தங்கச்சி. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். வாடகை கிடையாது. முதல் தடவை போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று நாள்வரை கிடைக்கும். கார்த்திகை தீபம், மார்கழியில் வரும் பகவான் ஜெயந்தி (ரமணரின் பிறந்தநாள்), பௌர்ணமி நாட்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது செங்கம் ரோட்டில் வெளியே அறை எடுத்துக்கொண்டு, பகலில் ஆஸ்ரமத்தில் இருக்கலாம்.

என்ன புரோகிராம் சார்? தியானம் யார் சொல்லித் தருவார்கள்? (பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி)

யாரும் சொல்லித் தர மாட்டார்கள், தம்பி. பலரும் ஏமாந்துபோவது இங்கேதான். வகுப்பு, தீட்சை, சான்றிதழ் எதுவும் கிடையாது. விபாசனா தியான முகாம்போல நாள் முழுக்க மணியடித்து நடத்துவதும் இல்லை. 1950-இல் மகரிஷி சமாதியானார். அவருக்குப் பின் குரு என்று யாரையும் உட்கார வைக்கவில்லை.

இருப்பது இவ்வளவுதான்: காலை எட்டு மணிக்கு வேத பாராயணம், பிறகு பூஜை. மதியச் சாப்பாட்டுக்கு முன் சாதுக்களுக்கு அன்னம். மாலை ஐந்துக்கு மறுபடி வேதம், ஆறரைக்கு பகவானின் பாடல்களைத் தமிழில் ஓதுவார்கள். தமிழ்ப் பாராயணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வெள்ளைக்காரர்கள் அட்சரம் பிசகாமல் கூடவே ஓதும்போது, நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

மீதி நேரம் உங்களுடையது. பழைய ஹாலில் போய் உட்காருங்கள். பகவான் வருஷக்கணக்காக அமர்ந்திருந்த சோபாவில் இப்போது அவருடைய படம். அறை சின்னது, பேச்சு கூடாது. வெளியே மயில் அகவும், யாராவது தொண்டையைச் செருமுவார்கள். முதல் நாள் பத்து நிமிஷத்தில் கால் மரத்து, ஆபீஸ் நினைப்பெல்லாம் வரிசைகட்டி வரும். எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. கட்டளை போட்டால்தான் எனக்கு ஓடும் என்கிற ஆளாக இருந்தால், வேறு இடம் பார்ப்பதே நல்லது என்பேன்.

அப்பாவுக்கு சுகர், முழங்கால் வலியும் உண்டு. சாப்பாடு எப்படி? (மதுரை)

தரையில் பந்தி, இலைச் சாப்பாடு. கீழே உட்கார முடியாதவர்களுக்கு மேசை உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் கவலைப்படுவது நேரத்தைப் பற்றித்தான். காலை ஏழு, மதியம் பதினொன்றரை, நாலு மணிக்குப் பாலோ டீயோ, இரவு ஏழரை. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே எட்டு மணி நேரம். இன்சுலின் போடுகிறவர் என்றால் இந்த நேரங்களைக் குறித்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பிஸ்கட், கடலை கையில் இருக்கட்டும். ஆனால் மூடி போட்ட டப்பாவில், பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் கவரைக் கண்டால் குரங்கு விடாது. கேட்டு வாங்கி இலையில் மிச்சம் வைப்பது அங்கே அழகில்லை. பகவான் சிந்திய சோற்றுப் பருக்கையையும் வீணாக்க விடாதவர்.

தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பா அண்ணா? (திருச்சி)

ஆஸ்ரமத்துக்குள் பயமில்லைம்மா, தனியாக வந்து தங்கும் பெண்கள் நிறைய. மலைப்பாதையில்தான் கவனம் வேண்டும். பின்வாசல் வழியாக ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்கந்தாஸ்ரமம், அங்கிருந்து கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. இரண்டும் பகவான் முன்பு தங்கியிருந்த இடங்கள். காலையில், ஆள் நடமாட்டம் இருக்கும்போது போய்விட்டு வந்துவிடு. சாயங்காலம் அந்தப் பின்வாசலைப் பூட்டிவிடுவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இரவில் தனியாக நடக்க வேண்டாம். உச்சிக்கு யாராவது 'கைடு' கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடு. 2024 டிசம்பரில் மண் சரிந்து ஏழு பேர் உயிர் போன மலை அது. வனத்துறை அனுமதியில்லாமல் ஏறவே கூடாது.

பிளஸ் டூ படிக்கும் பையன் போனும் கையுமாக இருக்கிறான். கூட்டிவந்தால் திருந்துவானா? (பெயர் வேண்டாம்)

மாட்டான். நீங்கள் மட்டும் வாருங்கள், அவனுக்கும் நிம்மதி.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. வரலாமா? (சென்னை)

தாராளமாக. உன் மதம் என்ன, சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. 'நான் யார்' என்று விசாரிக்கச் சொன்னாரே தவிர, இன்னதை நம்பு என்று பகவான் நிபந்தனை போடவில்லை. ஹாலுக்குள் போனை அணைத்துவிடுங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

நன்கொடை கட்டாயமா?

இல்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். மனசிருந்தால் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே ஆஸ்ரமத்தின் பேரைச் சொல்லி வசூலிக்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.