குடித்த ராத்திரியும் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பெயர் வேண்டாம். என் அண்ணன் லாரி டிரைவர். 2016இல் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்தான். ராத்திரியெல்லாம் கெட்ட கனவு வருகிறது என்று குடிக்க ஆரம்பித்தார். 'குடித்துவிட்டு மாத்திரை போட்டால் விஷமாகிவிடும்' என்று யாரோ சொன்னதில் குடித்த அன்று மாத்திரையை விட்டார். இப்போது ஆறு மாதமாக மாத்திரையே இல்லை. மதினி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்கிறார். ஊரில் திமிர் என்கிறார்கள். முதலில் குடியை நிறுத்தட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறார் அப்பா. குடியை விடக் கோயிலில் கயிறு கட்ட நாளும் பார்த்தாயிற்று. எதை முதலில் சரிசெய்வது?

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சொல்லும் அந்த 'முதலில்' வேண்டாம். குடி நிற்கட்டும் என்று காத்திருந்தால் மாத்திரை இல்லாத மாதங்கள் இன்னும் கூடும்.

என் சித்தப்பா மகன் ஒருவனுக்கும் இதே நிலைமை. மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் பைக்குள் டப்பா கிலுகிலுக்கும் என்று உள்ளே பஞ்சைத் திணித்து வைப்பான். ஒருநாள் அந்தப் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். மாதக் கடைசி, பாதி மாத்திரை அப்படியே கிடந்தது. 'குடிச்ச அன்னைக்குப் போடுறதில்லண்ணே' என்றான், ஏதோ விரதம் காத்தவன் மாதிரி.

இந்தத் தப்பெண்ணம் பல ஊர்களில் உண்டு. இப்போது தரும் கூட்டு மருந்து மதுவோடு சேர்ந்து விஷமாவதில்லை. குடி ஈரலைக் கெடுக்கும், அது தனிக் கணக்கு. ஆனால் விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மருந்து கேட்காது. குடித்த ராத்திரியும் மாத்திரை போட வேண்டும். இதைச் சொன்னால் குடிக்க அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று வீட்டில் தயங்குவார்கள். தயங்க வேண்டாம்.

கனவு விஷயத்தில் அண்ணன் பொய் சொல்லவில்லை. அன்றைய கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் என்று ஒன்று இருந்தது. சிலருக்கு அது பயங்கரக் கனவு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் கொண்டுவரும். தூங்குவதற்காகக் குடித்தவரைத்தான் ஊர் திமிர் பிடித்தவர் என்கிறது. இப்போது பெரும்பாலும் அதற்குப் பதில் டோலுடெகிராவிர் தருகிறார்கள். அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடுவதுண்டு. டாக்டரிடம் சொன்னால் காலையில் போடச் சொல்லலாம்.

கயிறு கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தலாம். நம் பக்கத்தில் இதைச் சாமி குற்றம் என்று சொல்லித் திரும்பக் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போவார்கள். உயிர் போகிற விஷயம். கயிறு கட்டும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நிறுத்துவதற்கும் மருந்து உண்டு.

இனி எங்கே போவது? எச்.ஐ.வி. மாத்திரை தரும் மதுரைப் பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்துக்கே திரும்பப் போங்கள். இடையில் விட்டவர்கள் திரும்பி வருவது அங்கே புதிதல்ல. திட்டு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தமும் காசநோயும் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். மனநலப் பிரிவும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

நான் சொன்ன சித்தப்பா மகன் தம்பியை ஒரு தனியார் குடிமீட்பு இல்லத்தில் 'இந்த வியாதிக்காரரைச் சேர்த்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள்' என்று வாசலோடு அனுப்பினார்கள். எங்களுக்குச் சட்டம் தெரியாது, திரும்பி வந்துவிட்டோம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி அப்படி மறுக்கக் கூடாது. நோய் உள்ளவரின் சம்மதமில்லாமல் அதைப் பொதுவாக யாரிடமும் சொல்லவும் கூடாது. இப்போது தம்பி எப்போதாவது குடிக்கிறான். மாத்திரை மட்டும் தவறுவதில்லை.

மதினி பரிசோதித்துக்கொண்டாரா என்று எழுதவில்லை. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

'நான் இருந்து என்ன' என்பதைக் குடிகாரன் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். 'செத்துப்போகணும்னு தோணுதாண்ணே?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பழைய நோட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். தொலைந்துபோயிருந்தாலும் போங்கள்.